வணிகவியல் மாணவருக்குக் கொடுக்கும் நன்கொடை எங்கே பயன்படுகிறது, எங்கே வீணாகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பி.காம்., எம்.காம். படிக்கும் பிள்ளைகளுக்கு உதவ நினைக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் நிறுவனங்களுக்கும், அந்தப் பணத்தை வாங்கிச் செலவழிக்கும் துறைகளுக்கும் அறக்கட்டளைகளுக்கும் எழுதியது இது. கட்டணங்கள் 2025 நிலவரம். அவை மாறக்கூடியவை, கட்டும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வரிச் சட்டப் பிரிவு எண்களையும் படிவ எண்களையும் எல்லோரும் சொல்லிப் பழகிய 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியே கொடுத்திருக்கிறோம். 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்ததால் எண்கள் மாறியிருக்கின்றன. ரசீது அச்சடிக்கும் முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுவிடுங்கள்.

பி.காம். கட்டணமே குறைவு. அரசுக் கல்லூரி என்றால் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அதற்கு எதற்கு நன்கொடை?

செலவு டிகிரிக்குள் இல்லை, டிகிரிக்கு வெளியே இருக்கிறது. பி.காம். சான்றிதழை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கும், அதோடு சிஏ (பட்டயக் கணக்காளர்) படிப்பின் நடுக்கட்டமான இன்டர்மீடியட்டில் ஒரு குரூப்பாவது (பேப்பர்களின் ஒரு தொகுதி) முடித்தவருக்கும் முதல் சம்பளத்திலேயே வித்தியாசம் தெரியும். அந்த வித்தியாசத்துக்கு ஆகும் செலவைக் கல்லூரிக் கட்டணச் சலுகை எதுவும் தொடுவதில்லை.

பி.காம். 55 சதவீதமோ அதற்கு மேலோ வாங்கியவர், சிஏ-வின் நுழைவுத் தேர்வான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டுக்குப் போகலாம். இரண்டு குரூப்புக்கும் சேர்த்துப் பதிவுக் கட்டணம் 18,000 ரூபாய். ஆர்ட்டிகிள்ஷிப்புக்கு (ஆடிட்டர் அலுவலகத்தில் பெறும் நேரடிப் பயிற்சி) முன் கட்டாயமாக முடிக்க வேண்டிய 15 நாள் கணினிப் பயிற்சியும் 15 நாள் அறிமுகப் பயிற்சியும் தனிக் கட்டணம், இரண்டும் சேர்ந்து 13,000 தாண்டும். இன்டர் தேர்வுக் கட்டணம் இரண்டு குரூப்புக்கு 2,700. ஃபைனல் பதிவு 22,000. அதற்குப் பிறகு இன்னொரு ஜோடிப் பயிற்சி. ஃபைனல் தேர்வுக் கட்டணம் 3,300. எல்லாவற்றிலும் முதல் முறையே தேறினால்கூட சிஏ படிப்பை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டுக்குக் கட்டுவது மட்டும் 75,000 ரூபாயை ஒட்டி வந்துவிடும். கோச்சிங், புத்தகம், தங்குமிடம் எதுவும் இதில் சேரவில்லை. சிஎம்ஏ (செலவுக் கணக்கியல் படிப்பு) என்றால் இன்டர்மீடியட் பதிவு 23,100, ஃபைனல் 25,000.

நான்கு ஐந்து ஆண்டுகளில் 75,000 என்று கேட்டால் பெரிய தொகையாகத் தெரியாது. சிக்கல் என்னவென்றால், அது சீராக வருவதில்லை. ஒரு மாதம் 18,000, பிறகு எட்டு மாதம் ஒன்றுமில்லை, திடீரென்று 13,000 என்று வரும். தினக்கூலிக் குடும்பத்தில் ஒரே வாரத்தில் 18,000 புரட்ட வேண்டுமென்றால் அது வட்டிக் கடன்தான்.

எப்போது கொடுத்தால் நல்லது?

எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதற்குத்தான் முதலில் விடை வேண்டும்.

சிஏ இன்டர்மீடியட் தேர்வு ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது: ஜனவரி, மே, செப்டம்பர். பதிவு செய்து எட்டு மாதம் முடிந்த பிறகே தேர்வு எழுத முடியும். ஆகவே செப்டம்பர் தேர்வுக்கு அதே ஆண்டு ஜனவரி 1, அடுத்த ஜனவரிக்கு மே 1, அடுத்த மேக்குச் செப்டம்பர் 1 என்று கடைசித் தேதிகள் இருக்கின்றன. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே தற்காலிகமாகப் பதிந்துகொள்ளலாம், தேர்ச்சிச் சான்றைப் பிறகு கொடுத்தால் போதும். மூன்றாம் ஆண்டில் ஜனவரி 1-க்குள் பதிந்த மாணவி ஏப்ரலில் கடைசி செமஸ்டர் எழுதிவிட்டுச் செப்டம்பரிலேயே இன்டருக்கு உட்காரலாம்.

இனி நம் கல்லூரிகளின் வழக்கத்தைப் பாருங்கள். நன்கொடை உதவித்தொகை வழங்கும் விழா ஆண்டு விழாவோடு சேர்ந்து பிப்ரவரியிலோ மார்ச்சிலோ நடக்கும். சிறப்பு விருந்தினர் தேதி கிடைக்காவிட்டால் ஏப்ரல். பெரிய அட்டைக் காசோலையோடு படம் எடுத்து, உண்மைக் காசோலை வங்கியில் மாறும்போது ஜனவரி 1 போய் இரண்டு மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த மாணவியின் முதல் தேர்வு வாய்ப்பு செப்டம்பரிலிருந்து அடுத்த ஜனவரிக்குத் தள்ளிப்போகும். படிப்பின் சூடு ஆறாத நான்கு மாதம் வீண்.

பணத்தை நவம்பர் இறுதிக்குள் ஒதுக்குங்கள், டிசம்பர் முதல் இரண்டு வாரத்தில் கட்டிவிடுங்கள். விழாவை எப்போது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கடைசி இரண்டு நாளுக்குப் போர்ட்டலை நம்பாதீர்கள். கணக்கில் பணம் பிடிக்கப்பட்டுப் பதிவு எண் வராமல் தொங்கும் கதை ஒவ்வொரு தவணையிலும் நடக்கிறது.

பணத்தை மாணவர் கணக்கில் போடுவதா, நேராகக் கட்டணமாகக் கட்டுவதா?

பதிவு, தேர்வுக் கட்டணங்களை மாணவரின் லாகினில் துறையில் யாராவது உடனிருந்து நேராகக் கட்டுவதே நல்லது. “கட்டிவிட்டு ரசீது கொண்டு வா, திருப்பித் தருகிறோம்” என்ற ஏற்பாடு கணக்குக்கு அழகாக இருக்கும். ஆனால் கட்டப் பணமில்லாதவருக்குத்தானே உதவி? திருப்பித் தரும் முறை வந்த இடத்திலெல்லாம், ஓரளவு வசதி உள்ள மாணவர்களே பயனாளிகளாக மாறிவிடுவார்கள்.

தங்குமிடம், சாப்பாடு, பேருந்து போன்றவற்றை மாதாமாதம் மாணவரின் வங்கிக் கணக்கில் போடுங்கள். பெற்றோர் கணக்கு வேண்டாம்.

தேறாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

கேட்காதீர்கள். 2025 மே மாத ஃபவுண்டேஷன் தேர்வில் தேறியவர்கள் 15 சதவீத அளவுதான். இன்டரில் இரண்டு குரூப்பையும் ஒரே மூச்சில் முடிப்பவர்களும் குறைவு. தோல்வி இந்தப் படிப்பில் விதிவிலக்கல்ல, பாதையின் ஒரு பகுதி.

மதிப்பெண் விதியைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். ஒவ்வொரு பேப்பரிலும் 40, குரூப் மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். ஒரு குரூப்புக்கு மூன்று பேப்பர், 300 மதிப்பெண். 48, 46, 43 வாங்கிய மாணவர் எந்தப் பேப்பரிலும் தவறவில்லை, ஆனால் கூட்டினால் 137. தேவை 150. குரூப் போச்சு, மூன்றையும் மறுபடி எழுத வேண்டும். 60, 45, 45 வாங்கினால் தேர்ச்சி. இன்னொரு மாணவர் 62, 35, 38 வாங்குகிறார். இவரும் தேறவில்லை, ஆனால் 60-ஐத் தொட்ட பேப்பருக்கு அடுத்த மூன்று வாய்ப்புகளுக்கு விலக்கு உண்டு. அடுத்த முறை இரண்டு பேப்பர் படித்தால் போதும். முடிவுத் தாளில் இருவருக்கும் ஒரே சொல்தான் இருக்கும். நிலைமை ஒன்றல்ல. நன்கொடைக் குழு அந்தச் சொல்லை மட்டும் பார்த்து உதவியை நிறுத்தினால், கரை தெரியும் தூரத்தில் இருப்பவரையும் சேர்த்துக் கைவிட்டதாகிவிடும்.

நிபந்தனை வைக்க வேண்டுமென்றால் தேர்வுக்கு உட்கார்ந்தாரா, மாதிரித் தேர்வுகள் எழுதினாரா என்பதில் வையுங்கள். ஹால் டிக்கெட் வாங்கிவிட்டுத் தேர்வுக்கே போகாதவரிடம் காரணம் கேட்கலாம். முதல் இரண்டு முயற்சிகளுக்கு முழுக் கட்டணம், மூன்றாவதற்குப் பாதி, அதன் பிறகு தனியாகப் பார்ப்பது என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டால் நிதியும் தாங்கும், மாணவருக்கும் கணக்குத் தெரியும்.

ஆர்ட்டிகிள்ஷிப்பில் சம்பளம் வருமே, அந்தக் காலத்துக்கும் உதவி வேண்டுமா?

நன்கொடையாளர்கள் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.

புதிய திட்டத்தில் இன்டர் இரண்டு குரூப்பும் தேறிய பிறகு இரண்டு ஆண்டு ஆர்ட்டிகிள்ஷிப். முன்பு மூன்று ஆண்டாக இருந்தது. ஆடிட்டர் அலுவலகம் தருவது சம்பளமல்ல, ஸ்டைபண்ட் எனும் பயிற்சிக்கால உதவித்தொகை. குறைந்தபட்சம் எவ்வளவு என்று விதி இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அதற்கு மேலேயே தருகின்றன. சிறிய ஊர்களில் சிறிய அலுவலகங்கள் விதியோடு நின்றுவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் சென்னையில் ஆர்ட்டிகிள் சேர்கிறார். ஸ்டைபண்ட் 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் பகிரும் ஹாஸ்டல் அறை சாப்பாட்டோடு 8,000. பேருந்து, ரயில் பாஸ், போன், கிளையண்ட் இடத்துக்குப் போகும் நாளில் வெளியே மதியச் சாப்பாடு எல்லாம் 2,500. மாதம் 4,500 துண்டு விழுகிறது, இரண்டு ஆண்டுக்கு 1,08,000. இந்தத் துண்டை வீட்டால் போட முடியாதபோது அந்தப் பெண் பெரம்பலூரிலேயே ஒரு அலுவலகத்தில் சேர்ந்துவிடுவார். சிறிய அலுவலகத்தில் கற்றுக்கொள்வது குறைவு என்று சொல்ல முடியாது. ஜிஎஸ்டியும் வருமான வரியும் அங்கேதான் கைக்கு நேராக வரும். ஆனால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட கம்பெனியின் தணிக்கை, இந்தியக் கணக்கியல் தரநிலைகள், வங்கித் தணிக்கையின் பெரிய கோப்புகள் போன்றவை பார்க்கக் கிடைக்காது. வேலை நேர்காணலில் கேட்பது அவற்றைத்தான்.

இரண்டாண்டு முடிந்ததும் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. ஆர்ட்டிகிள்ஷிப் முடித்து ஆறு மாதம் கழித்தே ஃபைனல் எழுதலாம். அந்த ஆறு மாதத்துக்கு ஸ்டைபண்டும் கிடையாது, சம்பளமும் கிடையாது. வயது 23, 24. கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். “கொஞ்ச நாள் வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறேன்” என்று ஒரு கம்பெனியில் அக்கவுண்டன்டாகச் சேர்பவர்களில் பலர் ஃபைனலை முடிப்பதே இல்லை. அதாவது, வேலையின் முக்கால் பங்கு முடிந்த பிறகு ஆட்டம் நின்றுவிடுகிறது.

ஒரு மாணவருக்கு முழுதாக ஆதரவு தர உங்களிடம் பணம் இல்லை, ஏதாவது ஒரு கட்டத்துக்குத்தான் தர முடியும் என்றால், இந்த ஆறு மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். மாதம் 10,000 வீதம் 60,000, அதோடு தேர்வுக் கட்டணம் 3,300. இவ்வளவு குறைந்த பணத்தில் இவ்வளவு உறுதியாக ஒருவரைக் கரையேற்றும் இடம் இந்தப் படிப்பில் வேறு இல்லை. மேடையில் அறிவிக்கக் கவர்ச்சியான விஷயம் அல்ல. அந்த மாணவர் கல்லூரியை விட்டுப் போய் மூன்றாண்டு ஆகியிருக்கும், படத்துக்கு வந்து நிற்கக்கூட மாட்டார்.

அரசின் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவி வாங்குபவர்களுக்கும் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். அவை அரசுப் பள்ளிகளிலோ, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியிலோ படித்து வந்தவர்களுக்குப் பட்டப்படிப்புக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். டிகிரி முடிந்ததும் நின்றுவிடும். செலவு அதிகமாகும் காலம் அதற்குப் பிறகுதான் என்பதை மேலே பார்த்தோம்.

எல்லோரும் சிஏ ஆகப் போவதில்லையே. மற்றவர்களுக்கு என்ன செய்வது?

வகுப்பில் 60 பேர் இருந்தால் சிஏ, சிஎம்ஏ பாதையில் போவது ஒரு கைப்பிடிதான். மற்றவர்கள் திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனியிலும் சிவகாசி அச்சகத்திலும் கரூர் ஏற்றுமதி நிறுவனத்திலும் கணக்குப் பார்ப்பார்கள், அல்லது சென்னை, கோவையில் வெளிநாட்டுக் கம்பெனிகளின் கணக்குப் பிரிவில் சேர்வார்கள். இவர்களுக்கு வேண்டியது முதல் நாளே கையை ஓட்டத் தெரிவது. பாடத்திட்டம் பேரேட்டையும் இருப்புநிலைக் குறிப்பையும் நன்றாகவே சொல்லித் தருகிறது. முதலாளி கேட்பதோ “போன மாச டூ-பி மேட்ச் பண்ணிட்டியா?” என்று.

அது என்ன வேலை என்று தெரிந்தால், எந்தப் பயிற்சிக்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சப்ளையர்கள் தாங்கள் விற்றதை ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஏற்றுகிறார்கள். அதிலிருந்து 14-ஆம் தேதி நமக்கு, வாங்கிய பொருளுக்குக் கொடுத்த வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய வரவைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி என்ற பட்டியல் உருவாகும். 20-ஆம் தேதிக்குள் நாம் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாத ரிட்டர்னைத் தாக்கல் செய்து வரி கட்ட வேண்டும். ஆக நடுவில் ஆறு நாள். அதற்குள் நம் கொள்முதல் பதிவேட்டையும் 2பி-யையும் பில் பில்லாக ஒப்பிட வேண்டும். நம் புத்தகத்தில் ‘045’ என்று இருப்பது அங்கே ‘கேடி/45/24-25’ என்று இருக்கும், எக்ஸெல் இரண்டையும் வேறு வேறு என்று சொல்லும். தொகை 50 பைசா இடிக்கும். சில பில்கள் அங்கே வந்திருக்கவே மாட்டா. சப்ளையர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவராக இருக்கலாம், அல்லது ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தைத் தவறாக அடித்து யாருக்கோ வரவு போயிருக்கலாம். இதைக் கண்டுபிடித்து, சப்ளையருக்குப் போன் போட்டு, எந்த வரவை இந்த மாதம் எடுக்கலாம் எதை நிறுத்திவைக்கலாம் என்று பட்டியல் போட்டுத் தரும் பிள்ளையை எந்த முதலாளியும் விட மாட்டார்.

இதற்கு 300 பில் கொண்ட ஒரு மாதிரிக் கொள்முதல் பதிவேடு, வேண்டுமென்றே 25 தவறுகள் வைத்த ஒரு 2பி கோப்பு, ஒரு கணினி, சொல்லித் தர ஓர் ஆள் போதும். ஒரு பருவத்தில் 40 மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி என்று வைத்தால் 13, 14 வாரத்தில் முடிந்துவிடும். பயிற்றுநருக்கு மணிக்கு 800 ரூபாய் கொடுத்தாலும் 32,000. இதைவிடச் சிக்கனமான நன்கொடை கஷ்டம்.

கணினி ஆய்வகம் கட்டித் தர விரும்புகிறோம்.

முதலில் இருக்கும் ஆய்வகத்தைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கணினி இருக்கும், உரிமம் இருக்காது. கணக்குப்பதிவு மென்பொருளான டாலி உரிமமில்லாமல் கல்விப் பயன்பாட்டு நிலையில் ஓடும். அந்த நிலையில் ஒவ்வொரு மாதமும் 1, 2, 31 ஆகிய தேதிகளில் மட்டுமே பதிவு போட முடியும். 17-ஆம் தேதி பில்லை 2-ஆம் தேதியில் போட்டுப் பழகிய மாணவருக்கு எந்த நிலுவை எத்தனை நாள் பழையது என்று பார்ப்பது, வங்கிச் சரிக்கட்டு, தாமத வட்டி எதுவும் உண்மையாகப் பழக்கத்துக்கு வராது. ஒரே வளாகப் பிணையத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் உரிமம் ஒன்று வாங்கிக் கொடுத்தால், புதிதாகப் பத்துக் கணினி வாங்கிக் கொடுப்பதைவிட அதிகப் பயன். ஆண்டுதோறும் புதுப்பிக்கும் செலவையும் சேர்த்து ஒதுக்குங்கள், இல்லையென்றால் ஜிஎஸ்டி விதி மாறும்போது மென்பொருள் பழையதாகி நிற்கும்.

பெயர்ப் பலகை? வையுங்கள், தவறில்லை. பலகைக்கு ஆகும் செலவில் யுபிஎஸ் பேட்டரியையும் மாற்றிவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் தொழில்முறைத் தேர்வில் திணறுகிறார்கள். பணத்தால் இதைச் சரிசெய்ய முடியுமா?

ஓரளவு முடியும். சிஏ தேர்வை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத முடியும், தமிழில் வாய்ப்பில்லை. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கூடச் சட்டத் தாளில் கவிழ்வது இதனால்தான். கணக்குத் தாளில் எண்கள் காப்பாற்றிவிடும். வணிகச் சட்டம், கம்பெனிச் சட்டம், தணிக்கை ஆகிய மூன்றிலும் விடையை வாக்கியமாக எழுத வேண்டும்.

பொதுவான ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இதற்கு உதவாது. “ஹவ் ஆர் யூ” சொல்லத் தெரிந்தவருக்கு ஒப்பந்தச் சட்டத்தில் நான்கு வரி எழுத வராது. வேலை செய்யும் முறை ஒன்றே: நாளுக்கு ஒரு சட்டக் கேள்வி, கையால் எழுதிய விடை, இரண்டு நாளுக்குள் திருத்தித் திருப்பிக் கொடுக்க ஓர் ஆள். விதி என்ன, கொடுத்த நிகழ்வுக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்று மூன்று பத்தியில் எழுதப் பழக்க வேண்டும். விடைத்தாளுக்கு 30, 40 ரூபாய் கொடுத்தால் திருத்தித் தர இன்டர் தேறிய சீனியர்களே வருவார்கள். அவர்களுக்கும் கைச்செலவுக்கு ஆயிற்று. 20 மாணவர், ஆளுக்கு 60 விடை, விடைக்கு 40 ரூபாய் என்றால் 48,000.

கோடை விடுமுறைப் பயிற்சிக்கு மாணவர்களை அனுப்பினால்?

ஆடிட்டர் அலுவலகத்துக்கு மே நடுவிலிருந்து ஆறு வாரம் அனுப்புங்கள். நான்காம் காலாண்டு டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்த வரி) ரிட்டர்ன் மே 31, ஃபாரம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கான சான்றிதழ்) ஜூன் 15 என்று வேலை குவிந்திருக்கும், கையில் ஏதாவது கொடுப்பார்கள். ஜூலை மாதத்தில் தனிநபர் ரிட்டர்ன் நெருக்கடி. செப்டம்பரில் வரித் தணிக்கை நெருக்கடி. அப்போது புதுப் பிள்ளைக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரமிருக்காது, ஜெராக்ஸ் எடுக்க விட்டுவிடுவார்கள். நன்கொடையிலிருந்து நாளுக்கு 200 ரூபாய் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்தால் போதும். அலுவலகத்திடம் கட்டணம் கேட்க வேண்டாம், அவர்களுக்குக் கட்டணம் கொடுக்கவும் வேண்டாம். “பயிற்சிக் கட்டணம்” வாங்கிக்கொண்டு சான்றிதழ் மட்டும் தரும் இடங்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மாணவர்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

முதல் மதிப்பெண் எடுப்பவருக்கே எல்லா அறக்கட்டளையும் கொடுக்கும். ஒரே பிள்ளை நான்கு இடத்தில் வாங்குவதும், 54 சதவீதத்தில் நிற்பவர் ஒன்றும் கிடைக்காமல் போவதும் வழக்கம். நேரடி இன்டர் வாய்ப்புக்கு 55 வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் 50-க்கும் 55-க்கும் நடுவில் இருப்பவர்கள் யார் என்று துறையிடம் பட்டியல் கேளுங்கள். அவர்களுக்குப் பணத்தைவிட இரண்டு பாடத்தில் கூடுதல் வகுப்பு தேவைப்படலாம்.

வருமானச் சான்றிதழைப் பாருங்கள், அதையே வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பத்து நிமிடம் உட்கார்த்திப் பேசினால் வீட்டு நிலை தெரிந்துவிடும். நன்கொடையாளரின் உறவினர் விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பத்தை விலக்கிவிடுங்கள். பெரும் நன்கொடையாளரின் சொந்தக்காரருக்கு அறக்கட்டளைப் பணம் போனால் அறக்கட்டளையின் வரி விலக்குக்கே ஆபத்து.

வைப்பு நிதியாகப் போடுவதா, ஆண்டுதோறும் செலவழிப்பதா?

பத்து லட்சத்தை நிலை வைப்பில் போட்டால் 6.5 சதவீதத்தில் ஆண்டுக்கு 65,000. ஒரு மாணவரின் கடைசி ஆறு மாதச் செலவுக்குச் சரியாக இருக்கும். அதே பத்து லட்சத்தை ஐந்தாண்டில் இரண்டிரண்டு லட்சமாகச் செலவழித்தால் ஆண்டுக்கு மூன்று பேர். பெற்றோர் பெயரில் நிரந்தரமாக இருக்க வேண்டும் என்பவர்கள் வைப்பு நிதியை விரும்புகிறார்கள், அந்த ஆசை புரிகிறது. ஆனால் 1990-களில் 10,000 ரூபாய் வைத்து ஏற்படுத்திய பரிசுகளின் இன்றைய வட்டி 650 ரூபாய். ஒரு தேர்வுக் கட்டணத்துக்குக்கூட வராது. பெயரும் வேண்டும் பயனும் வேண்டும் என்றால் பாதியை வைப்பில் போட்டு, வட்டியில் ஒரு பகுதியை மறுபடி முதலோடு சேர்க்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். “மூலதன நிதிக்கு” என்று நன்கொடைக் கடிதத்தில் தெளிவாக இல்லாவிட்டால் அறக்கட்டளை அதை அந்த ஆண்டு வருமானமாகவே காட்ட வேண்டியிருக்கும்.

80ஜி வரிச்சலுகை கிடைக்குமா?

80ஜி என்பது நன்கொடைக்குக் கழிவு தரும் வரிச் சட்டப் பிரிவு. அதன்படி அனுமதி பெற்ற அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாக நன்கொடையில் பாதி, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழிவாகும், வருமானத்தில் 10 சதவீத வரம்புக்குள். பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்கு மாறியவருக்குக் கழிவு இல்லை. ரொக்கமாக 2,000-க்கு மேல் கொடுத்தால் கிடையாது. கணினி, புத்தகம் என்று பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது. மாணவர் கையில் நேராகக் கொடுத்ததற்கும் கிடையாது.

ரசீது மட்டும் போதாது. அறக்கட்டளை மே 31-க்குள் நன்கொடையாளர் விவரங்கள் அடங்கிய 10பிடி அறிக்கை தாக்கல் செய்து, அதிலிருந்து இறங்கும் 10பிஇ சான்றிதழை உங்களுக்குத் தர வேண்டும். பான் எண்ணைத் தவறாகக் கொடுத்தால் சான்றிதழ் வேறு யார் பெயரிலோ போய் நிற்கும். கணக்கியல் துறைக்கு வரும் நன்கொடையிலேயே இந்தத் தாக்கலைத் தவறவிடும் கொடுமையும் நடக்கத்தான் செய்கிறது.

இன்னொன்று. குறிப்பிட்ட ஒரு சாதியினருக்கோ மதத்தினருக்கோ என்று அறக்கட்டளைப் பத்திரத்தில் இருந்தால் 80ஜி கிடைக்காது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் என்று இருப்பதற்குத் தடையில்லை.

மாணவருக்கு வரி உண்டா என்றும் கேட்கிறார்கள். படிப்புச் செலவுக்காகத் தரும் உதவித்தொகைக்கு வரி கிடையாது.

அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் எங்கள் பேட்ச் நண்பர்கள் அனுப்பலாமா?

அவர்கள் கையிலிருக்கும் பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்க, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். அறக்கட்டளைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும், பணம் புதுதில்லி பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென உள்ள கணக்குக்கே வர வேண்டும். அங்கே வாங்கி வேறு அறக்கட்டளைக்கு மாற்றிக் கொடுப்பதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு முடியாது.

வாட்ஸாப் குழுவில் ஜிபே எண்ணைப் போட்டு வசூலிக்கும்போது யார் எந்த நாட்டுக் குடிமகன் என்று யாரும் கேட்பதில்லை. கேளுங்கள். ஒரு வரி உறுதிமொழியும் பாஸ்போர்ட் முதல் பக்க நகலும் வாங்கிக் கோப்பில் வையுங்கள்.

கம்பெனியின் சிஎஸ்ஆர் பணத்தைக் கேட்கலாமா?

கேட்கலாம். சிஎஸ்ஆர் என்பது கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், கல்வி அதில் அடங்கும். வாங்கும் அறக்கட்டளை கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். ஜனவரி, பிப்ரவரியில் போய் நின்றால் அந்த ஆண்டுப் பட்ஜெட் பெரும்பாலும் பேசி முடிந்திருக்கும். ஜூன், ஜூலையில் போங்கள்.

பணம் அதிகம் இல்லை, நேரம் தர முடியும்.

பிராக்டீஸ் செய்யும் ஆடிட்டராக இருந்தால் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஆர்ட்டிகிள் இடங்களில் ஒன்றை உங்கள் கல்லூரிக்கு ஒதுக்குங்கள். அதற்கு ஈடான காசோலை கிடையாது. கம்பெனியில் இருப்பவர் என்றால் மாதிரி நேர்காணல் எடுங்கள். ஒருவருக்கு 25 நிமிடம், அதில் கடைசி 10 நிமிடம் எங்கே தடுமாறினார் என்று சொல்லிக் காட்டுவதற்கு. “தேய்மானம் ரொக்கப் பாய்வு அறிக்கையில் ஏன் கூட்டப்படுகிறது?” என்ற ஒரு கேள்வியை வைத்தே மனப்பாடம் எது, புரிதல் எது என்று பிரித்துவிடலாம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய நண்பர்களும் இதைச் செய்யலாம். வீடியோ அழைப்புக்கு எஃப்சிஆர்ஏ தேவையில்லை.

கொடுத்த பணம் என்ன ஆயிற்று என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரே பக்கத்தில் ஓர் அறிக்கை கேளுங்கள். மாணவர் பெயர் வேண்டாம், எண் போதும். பதிவான தேதி, தேர்வு எழுதிய மாதம், பேப்பர் வாரியாக மதிப்பெண், கட்டிய தொகை, கட்டிய நாள், அடுத்து வரும் கடைசித் தேதி. இந்த ஆறு நிரல் போதும். நன்றிக் கடிதமும் புகைப்படமும் வந்து இது வராவிட்டால் துறையில் யாரும் பின்தொடரவில்லை என்று அர்த்தம். “கட்டிய நாள்” என்ற நிரலை முதலில் பாருங்கள். அது கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே எப்போதும் இருந்தால் அடுத்த தவணையைக் கொடுக்கும் முன் துறைத் தலைவருக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.